நிலம் நடுங்கியபோது நம்பிக்கை எங்கே நின்றது? 1934 பீகார் விவாதத்தை மீண்டும் வாசித்தல்

மனித முயற்சிக்கும் இறைநம்பிக்கைக்கும் இடையிலான உறவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நாம் தத்துவ நூல்களின் பக்கம் திரும்புகிறோம். ஊழுக்கு ஓர் அதிகாரம், ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் என இரண்டையும் ஒரே நூலில் வைத்த வள்ளுவர் நினைவுக்கு வருகிறார். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும், தாயின் வாயில் தன்னை ஒப்படைத்துவிடும் பூனைக்குட்டியையும் உவமையாக்கி வடகலையாரும் தென்கலையாரும் நூற்றாண்டுக்கணக்கில் நடத்திய வாதம் நினைவுக்கு வருகிறது. மகாபாரதத்தில் தெய்வமா புருஷகாரமா என்று திரும்பத் திரும்ப எழும் வினா நினைவுக்கு வருகிறது. இவை ஆழமான விவாதங்கள்தாம். ஆயினும் வரலாறு பயில்வோருக்கு வேறொரு கேள்வியும் உண்டு. ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மக்கள் மீது பேரிடர் இறங்கியபோது, இறைநம்பிக்கை அவர்களை என்ன செய்யவைத்தது? எதைச் செய்யாமல் தடுத்தது? யாருடைய தோளில் சுமையை ஏற்றியது?

இக்கேள்விகளை எழுப்ப, நவீன இந்திய வரலாற்றில் 1934ஆம் ஆண்டின் பீகார் நிலநடுக்கத்தைவிடப் பொருத்தமான தருணத்தைக் காண்பது அரிது. காந்திக்கும் தாகூருக்கும் இடையே அதையொட்டி நிகழ்ந்த விவாதம் பலரும் அறிந்ததே. பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் அது ‘நம்பிக்கைக்கும் பகுத்தறிவுக்கும் இடையிலான மோதல்’ என்ற தலைப்பில் சுருக்கப்பட்டுவிடுகிறது. அச்சுருக்கம் போதாது என்பதே இப்பதிவின் வாதம். விவாதத்தோடு சேர்த்து, அதே மாதங்களில் களத்தில் நிகழ்ந்தவற்றையும் வாசித்தால்தான் முயற்சியும் நம்பிக்கையும் எவ்வாறு ஒன்றையொன்று தாங்கின, எங்கே ஒன்றையொன்று கெடுத்தன என்பது புலப்படும்.

முதலில் நிகழ்வு. 1934 ஜனவரி 15, திங்கட்கிழமை, அமாவாசை. பிற்பகல் இரண்டு மணி கடந்து சில நிமிடங்களில் கிழக்கு நேபாளத்தை மையமாகக் கொண்டு, ரிக்டர் அளவில் ஏறத்தாழ 8 என்று பிற்காலத்தில் மதிப்பிடப்பட்ட நிலநடுக்கம் ஏற்பட்டது. வடக்கு பீகாரில் முசாபர்பூர், தர்பங்கா, சீதாமடி, மோதிஹாரி ஆகிய ஊர்களும் கங்கைக் கரையிலிருந்த முங்கேரும் சிதைந்தன. பீகாரில் 7,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாக அரசுக் கணக்கு கூறியது. நேபாளத்தில் அதைவிடக் கூடுதலானோர் மாண்டனர். காத்மாண்டுவின் தரஹரா கோபுரம் சரிந்தது. நடுப்பகலாதலால் பலர் வீட்டுக்கு வெளியே வயல்களில் இருந்தனர். நள்ளிரவில் நேர்ந்திருந்தால் இழப்பு பன்மடங்காகியிருக்கும்.

இந்நிலநடுக்கத்தின் தனித்தன்மை இடிந்த கட்டடங்களோடு முடியவில்லை. நிலம் பிளந்து, உள்ளிருந்து நீரும் மணலும் பீறிட்டுக் கிளம்பின. விளைநிலங்கள் மணலால் மூடப்பட்டன, கிணறுகள் தூர்ந்தன. ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பட்டையில் வீடுகள் இடிந்து விழுவதற்குப் பதிலாகச் சாய்ந்து மண்ணுக்குள் அமிழ்ந்தன. அது கரும்பு வெட்டும் பருவம். சர்க்கரை ஆலைகள் பழுதுபட்டதால் வயலில் நின்ற கரும்பை என்ன செய்வது என்று உழவர்கள் திகைத்தனர். உயிர் பிழைத்தவர்க்கும் நீர், நிலம், விளைச்சல் என மூன்றும் ஒருங்கே ஐயத்துக்குரியவை ஆயின.

காலமும் நிச்சயமற்ற காலமே. உலகப் பொருளாதார மந்தத்தால் வேளாண் விளைபொருள்களின் விலை சரிந்திருந்தது. சட்டமறுப்பு இயக்கம் தளர்ந்துகொண்டிருந்தது. பீகாரின் முதன்மைத் தலைவரான ராஜேந்திர பிரசாத் கைதியாக, உடல்நலம் குன்றிய நிலையில், பாட்னா மருத்துவமனையில் இருந்தார். காந்தி 1933 நவம்பரில் வார்தாவில் தொடங்கிய ஹரிஜனப் பயணத்தில் இருந்தார். நிலம் நடுங்கிய நாளில் அவர் மலபார்ப் பகுதியில் இருந்தார். பின்னர் திருவிதாங்கூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்தார்.

அவ்வாறு வந்தவர் ஜனவரி 24 அன்று திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில் கூறிய கருத்தே விவாதத்தின் விதை. பீகாருக்கு நேர்ந்த துயரத்துக்கும் தீண்டாமை ஒழிப்புப் பணிக்கும் தம்மைப் பொறுத்தவரை நெருங்கிய தொடர்பு உண்டென்றும், தீண்டாமை என்னும் பாவத்துக்கு இறைவன் அனுப்பிய தண்டனையாகவே தாம் இந்நிலநடுக்கத்தைக் காண்பதாகவும் அவர் சொன்னார். அடுத்தடுத்த ஊர்களிலும் இதே கருத்தை வலியுறுத்தினார். பீகாருக்குப் பொருளுதவி செய்யுமாறும் மக்களை வேண்டினார். இந்த இரண்டாம் பகுதி பெரும்பாலும் மேற்கோள்களில் விடுபட்டுப்போகிறது. கடவுள் தண்டித்தார் என்று சொன்னவர், ஆகவே கைகட்டி நில்லுங்கள் என்று சொல்லவில்லை.

செய்தியைப் படித்த தாகூர் அதிர்ந்தார். அவருடைய மறுப்பை வாசிக்கும்போது ஒன்றை மனத்தில் கொள்ள வேண்டும். தீண்டாமை ஒழிப்பில் அவர் காந்திக்கு எதிரணியில் நின்றவர் அல்லர். 1932 செப்டம்பரில் எரவாடா சிறையில் காந்தி உண்ணாநோன்பை முடித்தபோது அருகில் இருந்தவர் தாகூர். ஆகவே அவருடைய எதிர்ப்பு நண்பரின் எதிர்ப்பு. அதை அவர் காந்திக்கே அனுப்பினார். காந்தியும் 1934 பிப்ரவரி 16 தேதியிட்ட ‘ஹரிஜன்’ இதழில், தம் பதிலோடு சேர்த்து, அதை முழுமையாக வெளியிட்டார். இன்றைய பொதுவிவாதங்களின் தரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க நடத்தை இது.

தாகூரின் வாதத்தை மூன்று இழைகளாகப் பிரிக்கலாம். முதலாவது, இயற்கை நிகழ்வுகளுக்கு இயற்கைக் காரணங்களே உண்டு. அறநெறியையும் பூமியின் அசைவையும் ஒரே கணக்கில் சேர்ப்பது அறிவுக்குப் பொருந்தாது. இரண்டாவது, குற்றம் செய்தவரை விட்டுவிட்டுக் குழந்தைகளையும் எளியோரையும் கொன்று பாடம் புகட்டும் கடவுளைவிட, சாதாரண மனிதரின் அறவுணர்வே உயர்ந்ததாகிவிடும். மூன்றாவது, இதே தர்க்கத்தைச் சீர்திருத்தத்தின் பகைவர்களும் கையிலெடுக்கலாம். காந்தியின் செயல்களால்தான் தெய்வம் சினந்தது என்று அவர்கள் சொன்னால் அதை மறுக்க வழி ஏது?

இவற்றுள் மூன்றாம் இழைதான் வரலாற்று நோக்கில் மிக முக்கியமானது. அதற்குச் சான்று விரைவிலேயே கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில், பீகாரின் தேவ்கர் பகுதிக்குக் காந்தி சென்றபோது, தீண்டாமை ஒழிப்பை எதிர்த்த சனாதனிகள் அவருடைய காரைத் தாக்கினர். நிலநடுக்கத்தைத் தெய்வத்தின் எச்சரிக்கையாக அவர்களும் கொள்ளலாம். ஆனால் எதற்கான எச்சரிக்கை என்பதில் அவர்கள் விடை நேர் எதிரானதாகவே இருக்கும். நேருவும் தம் சுயசரிதையில் இதே ஐயத்தை எழுப்பினார். தண்டனை என்றால் எந்தப் பாவத்துக்கு? பாவங்களுக்கா நாட்டில் பஞ்சம்? ஒவ்வொருவரும் தாம் வெறுக்கும் ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியுமே! தீண்டாமை மிகக் கடுமையாக நிலவிய பகுதிகளை விட்டுப் பீகாரைத் தேர்ந்தது ஏன் என்ற கேள்விக்கும் விடை கிடையாது.

காந்தியின் பதில் இக்கேள்விகளுக்கு நேர்விடை தரவில்லை. தம் நம்பிக்கையைத் தம்மால் நிரூபிக்க இயலாது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். இறைவனின் விதிகளைத் தாம் முழுதாக அறிந்தவர் அல்லர் என்றார். ஆயினும் பருப்பொருளுக்கும் ஆன்மாவுக்கும் இடையே பிரிக்கவியலாத பிணைப்பு உண்டென்று உள்ளூர உணரும்போது, ஏளனத்துக்கு அஞ்சி அதை மறைப்பது கோழைத்தனமாகும் என்றார். அந்நம்பிக்கை தம்மைப் பணிவுள்ளவராக்குகிறது, தம்மைத் தூய்மைப்படுத்திக்கொள்ளத் தூண்டுகிறது; அது பிழையென்று தெரியவந்தாலும் தமக்கும் தம்மைப் போல் நம்புவோர்க்கும் அது நன்மையே செய்திருக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

மேலோட்டமாகப் பார்த்தால் தாகூர் வென்றார், காந்தி தோற்றார் என்று முடித்துவிடலாம். வாதமாக மட்டும் எடைபோட்டால் நானும் தாகூரின் பக்கமே சாய்வேன். ஆனால் ‘நம்பிக்கைக்கு எதிரே பகுத்தறிவு’ என்ற சட்டகம் இங்குப் பொருந்தவில்லை. காரணம் எளிது: தாகூர் நாத்திகர் அல்லர். உபநிடத மரபில் வளர்ந்த இறைநம்பிக்கையாளர். உலகு மாறாத விதிகளின்படி இயங்குகிறது என்ற உறுதியே அவருக்கு இறைவன்மீதான நம்பிக்கையின் ஒரு வடிவம். நம் பாவங்களும் பிழைகளும் எத்துணைப் பெரியவையாயினும் படைப்பின் கட்டுமானத்தைச் சரிக்கும் வலிமை அவற்றுக்கு இல்லை என்ற நிச்சயத்தில்தான் மனிதன் அஞ்சாமல் செயல்பட முடியும் என்று அவர் கருதினார். ஆக இருவருமே நம்பினர். எதை நம்பினர் என்பதில்தான் வேறுபட்டனர். காந்தி, தமக்கு உணர்த்த விரும்பும் இறைவனை நம்பினார். தாகூர், விதியை மீறாத இறைவனை நம்பினார்.

இவ்விரு நம்பிக்கைகளும் மனித முயற்சிக்கு எத்தகைய இடத்தை வகுத்தன? காந்தியின் நம்பிக்கை அகத்தை நோக்கி முயற்சியைச் செலுத்தியது: உன்னைத் திருத்திக்கொள், உன் சமூகத்தின் குற்றத்துக்குக் கழுவாய் தேடு. தாகூரின் நம்பிக்கை புறத்தை நோக்கி முயற்சிக்கு இடம் திறந்தது: காரணத்தை அறி, அறிந்ததைக் கொண்டு செயல்படு. முன்னதில் உள்ள ஆபத்து, பிறருடைய துன்பம் நமக்கான பாடமாகச் சுருங்கிவிடுவது. சீதாமடியில் மண்ணுக்குள் புதைந்த ஒரு தலித் குழந்தைக்கு, தீண்டாமையின் பாவத்துக்காக நீ இறந்தாய் என்று சொல்வது எத்தகைய நீதி? இக்கேள்விக்குக் காந்தியின் பதிலில் இடமே இல்லை. பின்னதில் உள்ள ஆபத்து வேறு. இயற்கையின் விதி என்று சொல்லிவிட்டால் யாருக்கும் உடனடிப் பொறுப்பு எழுவதில்லை. துயரத்தைப் பார்ப்பவர் அறிவாளியாக இருந்துவிட்டுப் போகலாம். மண்வெட்டியைக் கையிலெடுக்க வேண்டுமென்ற கட்டாயம் அந்த விதியிலிருந்து பிறப்பதில்லை.

ஆகவே மண்வெட்டியை எடுத்தவர்களின் பக்கம் திரும்புவோம்.

ஜனவரி 17 அன்று ராஜேந்திர பிரசாத் விடுவிக்கப்பட்டார். ஆஸ்துமாவால் நெடுங்காலம் அவதியுற்றவர். உடல் தேறாத நிலையிலேயே நிவாரணப் பணியில் இறங்கினார். அவர் தலைமையில் பீகார் மத்திய நிவாரணக் குழு அமைந்தது. நாடெங்கிலுமிருந்து பணமும் துணியும் தானியமும் தொண்டர்களும் வந்து சேர்ந்தனர். நேரு பீகாரில் சுற்றுப்பயணம் செய்தார். முங்கேரில் மண்வெட்டியும் கூடையும் ஏந்திய தொண்டர்களுக்கு முன்நின்று இடிபாடுகளைத் தோண்டினார். அந்த நாளின் உழைப்பில் ஒரு சிறுமியின் உடல் வெளிப்பட்டதை அவர் பதிவுசெய்திருக்கிறார். பீகாரிலிருந்து திரும்பியவுடன், பிப்ரவரி 12 அன்று, கல்கத்தா உரைகளுக்காக அவர் கைது செய்யப்பட்டார். கடவுளை நம்பாத நேருவும், ஆழ்ந்த பக்தரான ராஜேந்திர பிரசாதும் ஒரே மண்ணைத்தான் அள்ளினர்.

மார்ச் மாதம் காந்தி பீகாருக்கு வந்தார். இங்கே அவருடைய தொனியில் ஏற்பட்ட அழுத்த மாற்றம் கவனிக்கத்தக்கது. பாவம், தண்டனை என்ற சொற்களை அவர் கைவிடவில்லை. ஆனால் ஊர் ஊராகச் சென்று பேசியபோது அவர் அதிகம் வலியுறுத்தியவை வேறு. உழைக்கக்கூடியவர் உழைக்காமல் உதவி பெறக் கூடாது. கிணற்றைத் தூர்வாருவதிலும் மணலை அகற்றுவதிலும் பாதிக்கப்பட்டவர்களே பங்கேற்க வேண்டும். நிவாரணத்தில் சாதி, மத வேறுபாடு காட்டக் கூடாது. பொதுப்பணத்தின் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு இருக்க வேண்டும். அதோடு, எந்த அரசை எதிர்த்துப் பல்லாயிரம் பேர் சிறை சென்றனரோ அந்த அரசோடு நிவாரணப் பணியில் மரியாதையுடன் ஒத்துழைப்பது என்ற தீர்மானத்தையும் அம்மாதம் குழு ஏற்றது. திருநெல்வேலியில் இறைவனின் நோக்கத்தை விளக்கியவர், பாட்னாவில் கிணறுகளையும் கணக்கேடுகளையும் பற்றிப் பேசினார். இவை இரண்டும் அவருக்கு முரணாகத் தோன்றவில்லை. நமக்கும் தோன்ற வேண்டியதில்லை. எனினும் பீகார் மக்களுக்கு எது பயன்பட்டது என்பதில் ஐயமில்லை.

கணக்கேடு என்ற சொல் ஒரு தமிழரிடம் நம்மைக் கொண்டுசேர்க்கிறது. நிவாரணக் குழுவின் நிதிப்பொறுப்பைக் கவனித்தவர் ஜே.சி. குமரப்பா. 1892-இல் தஞ்சாவூரில் பிறந்தவர். லண்டனில் கணக்காயர் பயிற்சியும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியலும் கற்றவர். இயேசுவின் போதனைகளைத் தம் பொருளியல் சிந்தனைக்கு அடித்தளமாகக் கொண்ட கிறித்தவர். பரந்த நிலப்பரப்பில், இடிந்த சாலைகளுக்கிடையே, பல கைகள் வழியாகப் பணம் புழங்கும் நிவாரணப் பணியில் ஒழுங்கான கணக்குமுறையை அவர் ஏற்படுத்தினார். தொண்டர்களின் அன்றாடச் செலவுக்குக் கடுமையான வரம்பு விதித்தார். காந்தியின் குழுவினர் பீகாருக்கு வந்தபோது, அவர்களுடைய செலவை நிவாரண நிதியிலிருந்து தர இயலாது என்று அவர் மறுத்த செய்தியைக் குமரப்பாவைப் பற்றி எழுதிய பலரும் சொல்வதுண்டு. காந்தியும் அதை ஏற்றுக்கொண்டாராம்.

குமரப்பாவின் பணியை வெறும் நிர்வாகத் திறமையாகக் குறுக்குவது தவறு. பிறர் நம்பி ஒப்படைத்த பொருளுக்குப் பொறுப்பாளனாக இருத்தல் என்பது கிறித்தவ மரபில் ஆழமாக வேரூன்றிய கருத்து. காந்தி பேசிய தர்மகர்த்தா முறையும் அதற்கு மிக நெருக்கமானது. இங்கே இறைநம்பிக்கை, நிலநடுக்கம் ஏன் வந்தது என்ற வினாவுக்கு விடையாக வரவில்லை. இந்த மூன்றணா யாருடையது, எங்கே போக வேண்டும் என்ற வினாவுக்கு விடையாக வந்தது. என் நோக்கில், முழு விவாதத்திலும் நம்பிக்கை மிகப் பயனுள்ள வகையில் செயல்பட்ட இடம் இதுவே.

இன்னொருவரையும் குறிப்பிட வேண்டும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பியர் செரசோல், பொறியாளர். போருக்கு எதிரான கிறித்தவ நெறியை உடலுழைப்பின் வழியே வாழ்ந்துகாட்ட வேண்டும் என்ற கருத்தில் பன்னாட்டுத் தொண்டர் இயக்கத்தை முதல் உலகப் போருக்குப்பின் தொடங்கியவர். 1934-இல் பீகாருக்கு வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அவரும் ஐரோப்பியத் தோழர்கள் சிலரும் முசாபர்பூர்ப் பகுதியில், வெள்ளத்துக்கு ஆளான இடங்களிலிருந்து மக்கள் மாறிக் குடியேற, மேட்டுநிலத்தில் ஊர்களைக் கட்டும் பணியில் உள்ளூர் மக்களோடு உழைத்தனர். தொலைநாட்டு நிலநடுக்கத்தில் இறைவனின் நோக்கத்தைத் தேட அவர் வரவில்லை. வீடு கட்ட வந்தார்.

இதுவரை சொன்னவை உடனடி முயற்சிகள். அறிவின் முயற்சி அவற்றைவிட மெதுவானது. ஆனால் நெடுநாள் பயன் தருவது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆய்வாளர்கள் நிலநடுக்கத்துக்குப்பின் பீகாரிலும் நேபாளத்திலும் களஆய்வு செய்தனர். மணல் பீறிட்ட பகுதிகளையும் கட்டடங்கள் அமிழ்ந்த பட்டையையும் வரைபடமாக்கினர். அவ்வாய்வு 1939-இல் விரிவான நூலாக வெளிவந்தது. நீர் நிறைந்த தளர்ந்த மணல் நில அதிர்வில் திரவம்போல் நடந்துகொள்வதைப் பற்றி இன்று ஆராய்வோரும் அப்பதிவுகளை நாடுகின்றனர். சீதாமடியின் வீடுகள் ஏன் அமிழ்ந்தன என்ற கேள்விக்குப் பயனுள்ள விடை அங்கிருந்துதான் வந்தது.

பலுசிஸ்தானத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு இதை மேலும் தெளிவாக்கும். 1931-இல் மச் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்குப்பின், எஸ்.எல். குமார் என்ற இளம் ரயில்வே பொறியாளர், குவெட்டாவில் நில அதிர்வைத் தாங்கும் முறையில் ஊழியர் குடியிருப்புகளைக் கட்டினார். 1935 மே 31 அதிகாலையில் குவெட்டா நகரம் தரைமட்டமாயிற்று. இறந்தோர் 30,000-க்குக் குறையார். அக்குடியிருப்புகள் நின்றன. இந்தியாவில் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டுமான விதிகளின் வரலாறு இந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறது எனலாம். விடுதலைக்குப்பின் 1962-இல் நாடு தழுவிய கட்டுமான நெறிமுறை வெளிவந்தது.

குவெட்டா நம் விவாதத்துக்கு மற்றொரு பக்கத்தையும் காட்டுகிறது. அங்கு ராணுவக் கட்டுப்பாடு விதித்த அரசு, வெளியிலிருந்து நிவாரணத் தொண்டர்கள் நுழைவதைத் தடுத்தது. காந்திக்கும், அப்போது காங்கிரஸ் தலைவராயிருந்த ராஜேந்திர பிரசாதுக்கும்கூட அனுமதி மறுக்கப்பட்டது. பீகாரில் மண்ணை அள்ள முடிந்தவர்களுக்குக் குவெட்டாவில் வாசலே அடைக்கப்பட்டது. அந்நிலையில் காந்தி பிரார்த்தனையை வலியுறுத்தி எழுதினார். வேறு வழியற்றவரின் ஆறுதல் என்று அதை ஏளனம் செய்வது எளிது. ஆனால் அதோடு நிற்கவில்லை என்பதைக் காண வேண்டும். குவெட்டாவை விட்டுப் பஞ்சாபுக்கும் சிந்துவுக்கும் வந்து சேர்ந்த அகதிகளுக்கு உதவும் பணியைக் காங்கிரஸ் தலைமை மேற்கொண்டது. சென்றுசேர முடியாத இடத்துக்குப் பிரார்த்தனை; கை எட்டும் இடத்தில் வேலை. முயற்சியும் நம்பிக்கையும் எல்லையைப் பங்கிட்டுக்கொண்ட விதம் இது.

சரணாகதியைப் பேசும் வைணவ ஆசிரியர்கள் திரௌபதியின் கதையை எடுத்தாள்வதுண்டு. ஆடையைப் பற்றியிருந்த கைகளை விட்டு, இரு கைகளையும் மேலே உயர்த்திய பிறகே கண்ணனின் அருள் வந்தது என்பது அதன் நயம். ஆன்மிக உண்மையாக அதன் ஆழத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அவள் நிலையைக் கவனியுங்கள். சபையிலிருந்த ஒவ்வொருவரிடமும் அவள் முன்பே நீதி கேட்டுவிட்டாள். வாதாடிவிட்டாள். பெரியோர் வாய்மூடியிருந்தனர். தன்னால் செய்யத்தக்கது ஒன்றும் எஞ்சாத இடத்தில் அவள் கைகளை விட்டாள். அச்சபையில் கைகளைக் கட்டிக்கொண்டிருந்த மற்றவர்கள் செய்ததற்குச் சரணாகதி என்று பெயரில்லை. துன்புறுபவரின் நம்பிக்கையும், துன்பத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரின் நம்பிக்கையும் ஒன்றல்ல. முன்னவர் இறைவனிடம் விடலாம். பின்னவர் விட்டால் அது கடமை தவறுதல்.

1934 விவாதத்தின் இதயமும் இவ்வேறுபாட்டில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். திருநெல்வேலி மேடையில் நின்ற காந்தி, பீகாரின் துயரத்தைத் தம்மீதும் தம் சாதி இந்துக் கேட்போர்மீதும் குற்றமாகத் திருப்பிக்கொண்டார். அவருடைய நேர்மையில் ஐயம் இல்லை. ஆனால் ஒரு சொல் மேடையை விட்டிறங்கியபின் சொன்னவரின் கட்டுப்பாட்டில் இருப்பதில்லை. தன்னைத் தண்டிக்கச் சொன்ன சொல், பிறரைத் தண்டிக்கும் சொல்லாக மாற ஒரு கைமாற்றம் போதும். ஒவ்வொரு பெருந்தொற்றிலும், வெள்ளத்திலும், ஆழிப்பேரலையிலும், அது யாரோ ஒரு பிரிவினரின் பாவத்தால் வந்தது என்ற குரல் எழுவதை நம் தலைமுறையும் கேட்டிருக்கிறது. தாகூரின் எச்சரிக்கை பழையதாகிவிடவில்லை.

அதே வேளையில், தாகூரின் வாதத்தை ஏற்பவர்கள் காந்தியிடமிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். பேரிடர் என்பது இயற்கையின் செயல் என்று சொன்னதோடு பொறுப்பு முடிவதில்லை. நிலநடுக்கம் இயற்கையினுடையது, எந்த வீடு இடிகிறது, எந்தக் கிணறு முதலில் தூர்வாரப்படுகிறது, நிவாரண வரிசையில் யார் கடைசியில் நிறுத்தப்படுகிறார் என்பவை மனிதருடையவை. தீண்டாமை நிலத்தை அசைக்கவில்லை. ஆனால் அசைந்த நிலத்தின்மேல் யார் எவ்வளவு துன்புற்றார் என்பதைத் தீர்மானிப்பதில் சாதிக்கும் உடைமைக்கும் பங்கு உண்டு. காரணகாரியத்தில் தவறிய காந்தியின் பார்வை, பொறுப்பை நோக்கிய திசையில் முற்றிலும் தவறிவிடவில்லை.

இதிலிருந்து, இறைநம்பிக்கை நிச்சயமற்ற காலங்களில் முயற்சியோடு இணங்கி நிற்கிறதா என்று அறிய மூன்று உரைகற்களை முன்வைக்கலாம். அந்நம்பிக்கை வேலையை யாரிடம் ஒப்படைக்கிறது? நம்புபவரிடமே என்றால் அது நலம். துன்புறுபவரிடம் என்றால் ஐயத்துக்குரியது. அது கேள்விகளை மூடுகிறதா, திறந்துவைக்கிறதா? வீடு ஏன் அமிழ்ந்தது என்று ஆராயும் கையை அது தடுக்கக் கூடாது. முயற்சி தோற்றபின் அது என்ன செய்கிறது? தோண்டித் தோண்டி ஒரு சிறுமியின் உடலை மட்டுமே மீட்ட மனிதர் மறுநாளும் மண்வெட்டியை எடுக்க ஏதோ ஒன்று வேண்டும். சிலருக்கு அது கடவுள். நேருவைப் போன்றோர்க்கு அது வேறொன்று. இந்த மூன்றாம் பணியில் இறைநம்பிக்கையின் பங்கை வரலாற்றாசிரியர் குறைத்து மதிப்பிடலாகாது. முதல் இரண்டில் அதை ஐயமின்றி ஏற்கவும் கூடாது.

1988 ஆகஸ்ட் 21 அதிகாலையில் பீகார்–நேபாள எல்லை மீண்டும் அதிர்ந்தது. தர்பங்காவும் முங்கேரும் மீண்டும் சேதமுற்றன. பீகாரிலும் நேபாளத்திலுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர் மாண்டனர். 2015-இல் நேபாளம் நடுங்கியபோது, 1934-க்குப்பின் திரும்பக் கட்டப்பட்டிருந்த தரஹரா கோபுரம் மறுபடி விழுந்தது. தர்பங்காவும் சீதாமடியும் நாட்டின் மிகக் கடுமையான நில அதிர்வு மண்டலத்தில் வகைப்படுத்தப்பட்டவை. அங்கே இன்று எழும்பும் ஒவ்வொரு வீட்டிலும் கம்பியும் சிமெண்டும் எவ்வளவு, அடித்தளம் எத்தகையது என்பது ஒரு பொறியியல் கேள்வி. அதைச் சரியாகச் செய்வது, அவ்வீட்டில் உறங்கப்போகும் அறிமுகமற்ற ஒருவருக்கு நாம் செய்யும் கடமை. குமரப்பா அதைக் கணக்கேட்டில் செய்தார். அதை வழிபாடு என்று அழைப்பதா வேண்டாமா என்பதை அவரவர் நம்பிக்கைக்கு விட்டுவிடலாம்.